குப்பையென்று அழித்த பக்கம்

பழைய மென்பொருளின் கையேட்டை இணையத்தில் திறந்து வைத்திருப்பது தண்ணீர்ப் பந்தல் வைப்பது மாதிரி. குடித்தவர் யாரும் நன்றி சொல்ல மாட்டார், பானை காலியாக இருந்தால் மட்டும் ஊரே திட்டும்.

தில்லை நகரில் ஒரு கம்பெனியில் எனக்கு அந்த வேலை. கடைகளும் ஆஸ்பத்திரிகளும் தமிழிலேயே பதிவு வைத்துக்கொள்ள நாங்கள் ஒரு மென்பொருள் விற்கிறோம். பல பதிப்புகள் வந்துவிட்டன, ஆனால் பழைய பதிப்பையே ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காக எல்லாப் பதிப்புகளின் கையேட்டையும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி எங்கள் தளத்தில் வைத்திருந்தேன். எதையோ அவசரமாகத் தேடிப் போய், ‘இந்தப் பக்கம் இல்லை’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு பல்லைக் கடித்திருக்கிறீர்களா? அப்படியானால் நாம் ஒரே கட்சி.

சுத்தம் செய்த புண்ணியவான்

தளத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பு எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பிரவீனிடம் போனது. இரண்டாம் பதிப்பின் கையேடு யுனிகோடு புழக்கத்துக்கு வருமுன் எழுதியது. கம்பெனி சொந்தமாகச் செய்த எழுத்துருவில் இருந்தது. அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் திரையில் தமிழ் வராது. ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாகக் கொட்டிக் கிடக்கும். எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டிய இடமும் அதே பக்கம்தான். பிரவீன் திறந்து பார்த்திருக்கிறான். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் மொத்தத்தையும் அழித்துவிட்டான். பழைய சர்வரையும் அதே சமயம் மூடிவிட்டதால் அதிலிருந்த பிரதியும் போயிற்று. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏனப்பா இப்படிச் செய்தாய் என்று கத்தினேன். அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான்:

“ஏதோ வைரஸ் புகுந்து கன்னாபின்னான்னு எழுதி வச்சிருந்துச்சு மேடம், நான்தான் பார்த்து கிளீன் பண்ணேன். நீங்க தேங்க்ஸ் சொல்வீங்கன்னு நினைச்சேன்.”

மணப்பாறைக்காரர்

மிச்சமிருந்த கையேடுகளுக்கு எங்கள் எம்.டி. பூட்டுப் போட்டார். புதுப் பதிப்பு வாங்கியவருக்குத்தான் பாஸ்வேர்டு. சும்மா படித்துவிட்டுப் போனால் எவன் புதுசு வாங்குவான் என்பது அவர் வாதம்.

மணப்பாறையில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருப்பவர் போன் செய்தார். பிரிண்டரை மாற்றியதிலிருந்து ரசீதில் பாதி எழுத்து விழவில்லையாம். அவருக்கு வேண்டியது கையேட்டில் ஒரே ஒரு பக்கம். அதைப் போனிலேயே படித்துக் காட்டினேன், ரசீது ஒழுங்காக வந்தது. இனிமேல் பாஸ்வேர்டு இல்லாமல் பார்க்க முடியாது என்பதை மென்று முழுங்கிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

“புது வண்டி வாங்குனாத்தான் பழைய வண்டிக்குப் பஞ்சர் ஒட்டுவேன்னா, அது என்னம்மா கடை?”

புத்தூரிலிருந்து ஒரு போன்

புத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்துக்கொள்பவர் ஜெசிந்தா சிஸ்டர். பழைய கணினி புகைந்துபோய், இரண்டாம் பதிப்பில் இருந்த பதிவுகளைப் புதுக் கணினிக்கு மாற்றியிருந்தார்கள். கூடவே எழுத்துருவைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். மறுநாள் ஒரு பெண்மணிக்கு ஆபரேஷன், தள்ளிப்போட முடியாத நிலை. முன்பு ஒரு தடவை மயக்க ஊசி போட்டபோது அவருக்கு மூச்சுத் திணறியிருக்கிறது. எந்த மருந்து என்று அவருக்கு நினைவில்லை. பதிவில் இருக்கிறது, ஆனால் திரையில் வெறும் கமாவும் அடைப்புக்குறியும்.

சிஸ்டர் எங்கள் தளத்துக்குப் போயிருக்கிறார். பக்கம் இல்லை. நான் அலுவலகத்தைத் தலைகீழாகப் புரட்டினேன். பழைய கணினிகளை எப்போதோ எடைக்குப் போட்டிருந்தோம். எங்கள் எழுத்துரு வேறு எந்த எழுத்துரு மாற்றும் மென்பொருளுக்கும் மசியாது. எதுவும் கிடைக்கவில்லை என்று சிஸ்டரிடம் சொன்னேன். அவர் சொன்னார்:

“நாங்க எழுதாம விடலம்மா, எல்லாம் எழுதித்தான் வச்சிருக்கோம். படிக்கத்தான் நீங்க வழி விடல.”

ஸ்ரீரங்கத்துத் தலைவலி

அப்போதுதான் வரதன் நினைவுக்கு வந்தார். ஸ்ரீரங்கம் சித்திரை வீதிக்காரர். எங்கள் இரண்டாம் பதிப்பில்தான் பிடிவாதமாகப் பாசுர வியாக்கியானங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். கையேட்டில் பிழை கண்டுபிடித்து மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் போட்டு என் பிராணனை வாங்கியவர். வெட்கத்தை விட்டு அவரைக் கூப்பிட்டேன். மனிதர் எங்கள் கையேடுகள் எல்லாவற்றையும், எழுத்துருவோடு சேர்த்து, தன் சொந்தத் தளத்தில் பூட்டில்லாமல் வைத்திருந்தார்! அந்த முகவரியை அப்படியே சிஸ்டருக்கு அனுப்பினேன். எழுத்துரு ஏறியது, மருந்தின் பெயர் பளிச்சென்று தமிழில் வந்தது. டாக்டர் வேறு மருந்து கொடுத்தார். அந்த அம்மா நல்லபடியாக வீட்டுக்குப் போனார். நன்றி சொல்ல மறுபடி கூப்பிட்டபோது வரதன் சொன்னார்:

“திறந்து கிடந்துது, க்ஷேமமா இருக்கட்டும்னு ஒரு பிரதி எடுத்து வச்சேன். உங்காத்துப் பொருளை நீங்களே தொலைச்சுட்டு அடியேன்கிட்ட வந்து கேட்கறேளே, எல்லாம் பெருமாள் திருவுள்ளம்!”

எம்.டி.யின் முடிவு

நடந்ததை எம்.டி.யிடம் ஒன்று விடாமல் சொன்னேன். ஒரு உயிர் விஷயம், இனியாவது பூட்டை எடுப்பார், அழித்த பக்கத்தை வரதனிடமிருந்து வாங்கித் திரும்பப் போடச் சொல்வார் என்று நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவர் காபியை ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்ததும்:

“அந்தம்மா பிழைச்சது சந்தோஷம். ஆனா நம்ம கையேட்ட அந்த ஆளு எப்படிங்க அவர் தளத்துல போடலாம்? அதை எடுக்கச் சொல்லி நோட்டீஸ் விடணும், விவரமா தமிழ்ல டைப் பண்ணி நம்ம வக்கீலுக்கு அனுப்புங்க.”

உடனே டைப் செய்து கோப்பாக அனுப்பிவிட்டேன், வரதனிடமிருந்து இறக்கிக்கொண்ட அதே பழைய எழுத்துருவில்; என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் வக்கீல் முதலில் வரதனின் தளத்துக்குத்தான் போயாக வேண்டும்.