இடியாப்பக் கடையில் ஒரு ராமென்

ராஜபாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, டேப் ரிக்கார்டர் அலறும் இடியாப்பக் கடையில் உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்தில் ஜப்பான் இன்ஜினியர் மோரி. நூற்பாலையில் புது மிஷின் பொருத்த வந்தவர். கோவையிலிருந்து அவருக்குத் துணையாக வந்தவன் நான். அரைகுறை ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறோம். வந்ததிலிருந்து வாழைப்பழம் தவிர எதுவும் அவருக்கு இறங்கவில்லை.

கடைக்கார அக்கா இடியாப்பத்தின் மேல் ஆட்டுக்கால் பாயாவை ஊற்றி வைக்கிறார். மோரி முகர்ந்து பார்க்கிறார். "ராமென்!" என்று துள்ளுகிறார். அவர் நாட்டு நூடுல்ஸ் சூப்பாம். பையிலிருந்து இரண்டு குச்சிகளை எடுத்து, தெருவே கேட்கும்படி உறிஞ்சுகிறார்.

"என்னங்க, அவிய இம்புட்டுச் சத்தம் போடுதாக?"

"அவங்க ஊர்ல இப்படி உறிஞ்சினா, சமையல் பிரமாதம்னு அர்த்தம்க்கா."

அக்காவின் முகம் மலர்கிறது. "அங்க இது எங்க நல்லாருக்குமாம்? கேளுங்க."

மோரி உற்சாகமாக விளக்குகிறார். வடக்கே குளிர்ப் பிரதேசத்தில் புளித்த சோயா விழுது கரைத்த சூப். அவருடைய தெற்கு ஊரில் பன்றி எலும்பைப் பால்போல வெளுக்கும்வரை கொதிக்கவைத்த சூப். மலிவாகச் சாப்பிட, வேலையாட்கள் மொய்க்கும் தள்ளுவண்டிகள்தான் சரி.

"அப்ப நம்ம கடை மாதிரிதான்!" என்று அக்கா சிரிக்கிறார்.

எதிர் பெஞ்சு லாரி டிரைவர் ஒருவர் தட்டைத் தூக்கி உறிஞ்சிப் பார்க்கிறார். அடுத்தவரும் உறிஞ்சுகிறார். நானும்தான்.

"ஏலே, கடைய ஜப்பானாக்கிட்டீகளே!" என்கிறார் அக்கா.

சிரிப்பில் எல்லோருக்கும் புரையேறுகிறது. மோரி எழுந்து இடுப்பு வளையக் குனிந்து, காலித் தட்டை இரு கைகளாலும் நீட்டுகிறார். முதன்முறையாகத் தமிழில் கேட்கிறார்:

"அக்கா, இன்னும்!"