ஓரத்து விளக்குகள்

செவ்வாய்க்கிழமை காலை சந்தாபுராவிலிருந்து போன் வந்தது. முனிரத்தினத்தின் மனைவி. "அண்ணா, அவரு போயிட்டாருண்ணா" என்றார். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. "சரிம்மா, வர்றேன்" என்றேன்.

ரோஜாப் பண்ணையில் எங்களோடு இருந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முதலாளி வெளிநாட்டிலிருந்து இறக்கிய நான்கு சக்கர பைக்கை ஓட்டியவர். விடியும் முன் பறித்த பூவை அதன் பின்னால் ஒரு சின்ன டிரெய்லரில் ஏற்றி, மண்பாதை வழியாகக் குளிரறைக்குக் கொண்டுவருவார். நான் அங்கே எலக்ட்ரீஷியன். இருவருக்கும் ஒரே வயது. உறவில்லாவிட்டாலும் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

ஒரு மார்கழியில், பனியில் பாதை தெரியவில்லை, கூட இரண்டு லைட் போட்டுக் கொடு என்றார். போட்டேன். நாலாம் நாளே பேட்டரி இறங்கி, பூவோடு வண்டியைத் தள்ளினோம். அந்த ஞாயிறு இருவரும் சிவாஜிநகர் போய், பழைய சாமான் கடைகளில் அலைந்து இன்னொரு பேட்டரி வாங்கிவந்தோம். சீட்டுக்குப் பின்னால் பெட்டி கட்டி, லைட்டுக்கென்று தனி வயர், தனி ஃபியூஸ், தனி சுவிட்ச். நானே சொல்லக்கூடாது, அப்படி ஒரு வயரிங்.

பனி போன பிறகும் அவர் விடவில்லை. இன்னும் இரண்டு கேட்டார். "நடுவுல வேணாம் மச்சான். ஓரம் தெரியட்டும்" என்பார். வெளிப்பக்கம் திருப்பு, இன்னும் கொஞ்சம் திருப்பு என்று நச்சரிப்பார். வண்டி வந்தாலே பூப்பறிக்கும் பெண்கள், கோயில் ஜாத்ரெ வருது, தேருக்கு வழி விடுங்க என்று கேலி செய்வார்கள். எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

அடுத்த மார்கழியில் ஒரு விடியற்காலை, வண்டியை என் அறை முன் நிறுத்தினார். சீட்டிலிருந்து இறங்கவில்லை. "லெஃப்ட் லைட்டு போச்சு. இன்னா வயரிங் பண்ண நீ?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. டெஸ்டரோடு போனேன். இடது பக்கம் இரண்டு விளக்கும் கண் கூச எரிந்துகொண்டிருந்தன. கண்ணாடியில் கை வைத்தேன்; சுட்டது.

"எரியுது மச்சான்."

நேரே பார்த்தபடியே இடது பக்கம் கையை நீட்டித் துழாவினார். "எனக்குத் தெரியல" என்றார்.

கண்ணில் அழுத்தம், நரம்பு காய்ந்துவிட்டது, ஓரத்திலிருந்துதான் பார்வை போகும், போனது திரும்பாது என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஒரு வருடம் முன்னால் வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வருடமும் நான் அவருக்கு விளக்கு மாட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வண்டிச் சாவியைத் தானே மேனேஜரிடம் கொடுத்துவிட்டார். புது டிரைவருக்கு அத்தனை விளக்கு வேண்டாமாம். நான் ஒவ்வொன்றாகக் கழற்ற, அவர் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்க்ரூக்களை வாங்கி டப்பாவில் போட்டார். கடைசி ஸ்க்ரூவை வாங்கும்போது சொன்னார்: "விடு மச்சான். லைட்டு இன்னா பண்ணும்."

சொட்டு மருந்தோடு சில வருடங்கள் ஓடின. பார்வை உள்ளே உள்ளே சுருங்கியதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்ப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை.

இப்போதும் வெளிச்சம் போதவில்லை என்று யாராவது கூப்பிட்டால், பையைத் திறப்பதற்கு முன், கண் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடுகிறேன். சிலர் சிரிக்கிறார்கள். முனிரத்தினத்திடம் கேட்காமல் விட்ட அந்தக் கேள்விதான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது.