திரையில் பச்சையாய் இருந்த தோள்

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர் கோயிலுக்குப் போகிற கூட்டத்தால் பஸ்ஸில் உட்கார இடமில்லை. மேல்கம்பியைப் பிடிக்க வலது கையைத் தூக்கினேன். தோளுக்கு மேல் அது எழவில்லை. நோய் தொடங்கிய நாள் என்று வெகுகாலம் அதைத்தான் சொல்லிவந்தேன்.

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையில் தையல் வேலை எனக்கு. அதற்கு முந்தைய ஆடியில்தான், நாங்கள் உட்காரும் விதத்தைப் பார்க்க, எங்கள் வரிசையில் ஒருநாள் கேமரா வைத்தார்கள். நம் உருவத்தின் மேல் கணினி கோடுகள் போடும். ஆபத்தான மூட்டு சிவப்பாகும், மற்றவை பச்சை. அன்று எல்லோருக்கும் பச்சை. அதனால் மேசைகளின் உயரத்தை மாற்றவில்லை.

"பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல நிமுந்து உக்காந்திருந்தோம்! செவப்பு எங்கேருந்துக்கா வரும்?" என்று சிரித்தாள் பக்கத்து மெஷின் ஜமீலா. லப்பைக்குடிக்காட்டுக்காரி; எதற்கும் சிரிப்பாள்.

அரியலூர் டாக்டர் 'தோள் இறுக்கம்' என்றார் (மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்குவது).

"எப்படித் தைப்பீங்க, காட்டுங்க."

காட்டினேன்.

"இது போட்டோவுக்கு உக்கார்றது. கையில வேலை இருக்குன்னு நெனச்சுக்குங்க."

கண்ணை மூடினேன். தோள் தானாகக் காதை நோக்கி ஏறியது. கழுத்து சரிந்தது. எனக்கே தெரியாமல் யாரோ எனக்குள் அப்படி உட்கார்ந்திருந்தார்கள்.

இயன்முறைப் பயிற்சியில் விரல்களால் சுவரில் ஏற வேண்டும். புரட்டாசியில் மூக்கு உயரம். கார்த்திகையில் நெற்றி. மார்கழிக் குளிரில் மறுபடி மூக்குக்கே இறங்கியது. இதே நோய் வந்தால் உங்களுக்கும் இறங்கும். பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

தை கடைசியில் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது என்னைத் தைத்த காலணிகளைச் சரிபார்க்கும் பிரிவில் போட்டார்கள். அங்கிருந்த இன்ஜினியர் பெண்ணிடம் அந்தப் பச்சை வந்த கதையைச் சொன்னேன். அவள் தையல் வரிசையில் கேமராவை மறுபடி வைத்து, எல்லோரும் அதை மறக்கும்வரை ஓடவிட்டாள். பிறகு என்னைத் திரைக்கு அழைத்தாள்.

முகமில்லாத கோட்டுருவம். காதருகே ஏறிய தோள், சரிந்த கழுத்து. தோள் சிவப்பு.

"என்னோட பழைய படமா?"

"இல்லக்கா, இப்ப ஓடுறது. ஒங்க மெஷின்ல இருக்கிறவங்க."

எட்டிப் பார்த்தேன். என் இடத்தில் ஜமீலா.

மறுநாள் மேசையைத் தாழ்த்தினார்கள். "எனக்கு வலியே இல்லியேக்கா, எதுக்கு இந்த அமர்க்களம்?" என்றாள். கையைத் தூக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே தூக்கினாள். தோளுக்குச் சற்று மேலே போய்க் கை நின்றது. சிரிப்பும் நின்றது.

என் கை இப்போது பஸ் கம்பியை எட்டுகிறது. நோய் எப்போது தொடங்கியது என்று கேட்பவர்களுக்கு ஆவணி வெள்ளியைச் சொல்வதில்லை. பச்சையாய் இருந்த அந்த ஆடி நாளைச் சொல்கிறேன். கம்பியைப் பிடித்ததும் தோள் இன்னமும் காதைத் தேடுகிறது.