பெட்டிக்கு முன்னால் நின்று கேட்க

என் மனுசனுக்குப் பாட்டு என்றால் உயிர். எனக்கு அதைக் கேட்டாலே தலையிடி. இப்படி இரண்டு பேரை அல்லாஹ் இருபத்தெட்டு வருசம் ஒரே கூரைக்குக் கீழே வைத்திருந்தான். ஏன் வைத்தான் என்று அவனுக்குத்தான் தெரியும்.

எங்கள் ஊர் சாய்ந்தமருதில் வந்து 'ஸ்பீக்கர் மீரா வீடு எது?' என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கைகாட்டும். முழுப் பெயர் மீராசாஹிபு. பள்ளிவாசலில் பயான் பிரசங்கம் என்றாலும் அவருடைய பெட்டிகள்தான், காரைதீவில் கோயில் சடங்கு என்றாலும் அவருடைய பெட்டிகள்தான். எங்கள் விறாந்தை முழுக்கப் பெட்டியும் வயரும் மைக்கும் கிடக்கும். வந்த விருந்தாளி கதிரை போட இடமில்லாமல் ஸ்பீக்கர் பெட்டியில் குந்திக்கொண்டு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். இவர் பெட்டி ஏதும் பழுது பார்த்தால், சோதிக்கிறேன் என்று பாட்டைப் போடுவார். "குறைங்க அத! காது கிழியுது!" என்று குசினியிலிருந்து கத்துவேன். குறைப்பார். நான் அங்கால் திரும்பியதும் கூட்டுவார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. முப்பது வருசத் தொழிலில் ஒரு நிகழ்ச்சியையாவது அவர் பெட்டிக்கு முன்னால் நின்று கேட்டதில்லை. எங்கள் பக்கம் ஸ்பீக்கர்காரனுக்கு இடம் மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். பெட்டிகள் சனத்தைப் பார்த்துப் பாடும். இவருக்குக் கிடைப்பது ஜெனரேட்டர் இரைச்சலும் பெட்டியின் முதுகும்.

"கந்தூரிச் சோறு ஆக்கினவனுக்கு அடிச்சட்டி மிஞ்சின மாதிரி புள்ள என்ட கதை. ஒரு நாளைக்கெண்டாலும் பெட்டிக்கு முன்னால நிண்டு கேக்கோணும்" என்பார்.

கொழும்பில் வருசாவருசம் மூன்று நாள் பெரிய இசைவிழா ஒன்று நடக்கும். பெரிய மேடைகளுக்கு டிக்கட் வேண்டும். பூங்காக்களிலும் கடற்கரையிலும் சும்மாவும் பாடுவார்கள். ஆனால் எங்கே, எத்தனை மணிக்கு என்று எவனும் ஒரே இடத்தில் எழுதிப் போடமாட்டான். இவர் போனில் தோண்டித் தோண்டி எடுப்பார். காரைதீவில் இவருக்கு ஒரு தொழில் கூட்டாளி, குணம் என்று பெயர். கொழும்புக்குப் போய்வரும் அந்த மனிதரைக் கேட்டுக் கேட்டுத் தொல்லைப்படுத்துவார். எல்லாவற்றையும் கிழித்த கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுவார். எந்த நிகழ்ச்சிக்குப் பக்கத்தில் எந்தப் பள்ளி, ளுஹர் எங்கே தொழுவது, அஸர் எங்கே தொழுவது, பெண்கள் ஒதுங்க இடம் உண்டா, எந்த வாசலால் நுழைந்தால் முன்னுக்குப் போகலாம், எல்லாம் அதில் இருக்கும். போன வருசம் பதினொரு நிகழ்ச்சி எழுதியிருந்தார். அத்தனையும் இலவசம்.

"டிக்கட் எடுத்துக் கேட்டா குத்தம் பிடிக்கத் தோணும். சும்மா கேட்டாத்தான் மனசு நிறையும். நீயும் வா புள்ள" என்றார்.

"எனக்கென்ன விசரா?" என்றேன்.

அந்த மாதம்தான் எங்கள் மகள் றினோஸாவுக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள். நான் தாண்டவம் ஆடினேன். "மாப்பிள்ள வீட்டார் வந்து போற நேரத்தில, வாப்பாக்காரன் கொழும்பில பாட்டுக் கேக்கப் போயிருக்கார் எண்டு ஊரு சிரிக்கவா? அடுத்த வருசம் போங்க!"

தாளை நாலாக மடித்து மைக் பெட்டிக்குள் வைத்தார். "சரி புள்ள. பாட்டு எங்கயும் ஓடிப்போகாது" என்றார். பாட்டு ஓடவில்லைதான். காது போய்விட்டது.

அவருடைய இடது காது ஏற்கெனவே மந்தம். சம்பந்தம் பேசிய அந்த மாதத்தில் வலது காதிலும் விசிலடிக்கத் தொடங்கி, ஒரு கிழமைக்குள் அடைத்திருக்கிறது. மனிதர் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை, எனக்குக்கூட. எங்கள் ஊரில் சம்பந்தம் என்றால் குடும்பத்தில் என்ன வருத்தம், என்ன நோய் இருக்கிறது என்று ஏழு வீட்டில் விசாரிப்பார்கள். இவருடைய மாமா ஒருவரும் ஐம்பது வயதில் செவிடானவர். இவருக்கும் அப்படி என்று தெரிந்தால், 'பரம்பரை வருத்தம், நாளைக்குப் பேரப்பிள்ளைக்கும் வரும்' என்று சம்பந்தத்தை முறித்துவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார். கலியாணம் முடியட்டும், டொக்டரிடம் போவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

பிழைப்பையும் விடவில்லை. பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்து, அதிர்வைப் பிடித்தே சத்தத்தைக் கூட்டிக் குறைத்திருக்கிறார். கலியாணம் வரைக்கும் எட்டு மாதமும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கூப்பிட்டுத் திரும்பாத ஒவ்வொரு முறையும், "காது செவிடா உங்களுக்கு?" என்று ஏசினேன். அவர் சிரிப்பார். இந்த நாக்கை அறுத்துப் போட்டாலும் பாவம் தீராது.

கலியாணம் எங்கள் முற்றத்துப் பந்தலில் நடந்தது. வேறு ஆளைப் பிடிக்கச் சொன்னேன், கேட்கவில்லை. மகளின் கலியாணத்துக்குத் தன் பெட்டிதான் பேச வேண்டுமாம். மௌலவி குத்பா ஓதிக்கொண்டிருக்கும்போது மைக் ஊளையிடத் தொடங்கியது. அப்படி ஒரு ஊளை. பந்தலில் இருந்த அத்தனை பேரும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்கள். இவர் பெட்டியில் கையை வைத்தபடி, மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். எல்லாருடைய கையும் காதில் இருப்பதைக் கண்ட பிறகுதான் அந்த முகம் மாறியது. குணம் பாய்ந்து போய் மைக்கை நிறுத்தினார். மறைத்ததெல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

மருமகன் ஸஜாத் தங்கமான பிள்ளை. "இதுக்குப் போயா மாமா மறைச்சீங்க?" என்று அழுதான். அடுத்த நாளே டொக்டரிடம் கூட்டிப்போனதும் அவன்தான்.

"ரெண்டாவது காது அடைச்ச கிழமையே வந்திருந்தா ஏதாவது செய்து பாத்திருக்கலாம். இனி மெஷின் போட்டும் பிரயோசனமில்ல" என்றார் டொக்டர். நான் அதை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். வாசித்துவிட்டு, "றினோஸாட கலியாணம் முடிஞ்சிதானே" என்றார்.

பெட்டிகளைக் குணம் ஏற்றிக்கொண்டு போனார். விறாந்தை வெறிச்சென்று கிடந்தது. இருபத்தெட்டு வருசமாக நான் கேட்ட அமைதி வந்துவிட்டது. அதில் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

மிஞ்சிக் கிடந்த மைக் பெட்டியை ஒதுக்கும்போது அந்தக் கலண்டர் தாள் அகப்பட்டது. விழாவுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. தாளின் ஓரத்தில் 'இந்த வருசம் போவம்' என்று எழுதிக் காட்டினேன்.

"என்னத்துக்குப் புள்ள? அவன்கள் வாயசைக்கிறதப் பாக்கவா?" என்று கத்தினார். அவர் என்மேல் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை.

நான் கேட்பேனா? றினோஸாவின் போனை வாங்கி நானே தோண்டத் தொடங்கினேன். கண்ட நம்பருக்கெல்லாம் அழைத்தேன். சிங்களத்தில் பதில் வந்தால், தெமட்டகொடையில் இருக்கும் என் சாச்சியின் மகள் ஸம்றாவிடம் நம்பரைக் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். பள்ளி, வாசல், ஒதுங்கும் இடம் எல்லாம் அவர் எழுதியது போலவே எழுதினேன். பதினொன்று சேர்ந்தது. தாளை அவர் முன்னால் வைத்தேன். நெடுநேரம் தொடவேயில்லை. பிறகு பேனையை எடுத்து ஒன்றை வெட்டினார்.

"இந்த இடத்தில முன்னுக்கு விடமாட்டானுகள்" என்று சொல்லி, வேறொன்றை எழுதினார். வருவார் என்று அப்போது விளங்கியது.

மட்டக்களப்புக்குப் போய்க் காலை ரயிலைப் பிடித்தோம். இரவு ஸம்றா வீட்டில் தங்கி, அடுத்த நாள் அஸர் தொழுதுவிட்டு முதல் நிகழ்ச்சிக்குப் போனோம். பெரிய பூங்கா, எல்லாம் இளசுகள். நான் அபாயாவைப் பிடித்துக்கொண்டு இடித்துத் தள்ளி அவரை முன்னுக்குக் கொண்டுபோனேன். ஆளுயரப் பெட்டிகள் இரண்டுக்கு நேர் முன்னால் நின்றோம். அவர் அவற்றை அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினார். "நல்ல சாமான்" என்றார்.

பாட்டைத் தொடங்கினார்கள். சத்தம் நெஞ்சில் குத்தியது. பழக்க தோசம், என் இரண்டு கையும் காதுக்குப் போய்விட்டன. அவர் மேடையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். மெதுவாக என் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"பொத்தாத புள்ள. நீயாவது கேளு."

கேட்டேன். தெரிந்த மெட்டு. எங்கள் விறாந்தையில் நூறு முறை ஓடிய மெட்டு.

"என்ன பாட்டு?" என்று கேட்டார். தன் குரலின் அளவு அவருக்குத் தெரியாததால் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது வரி வரும் முன்பே குறைக்கச் சொல்லிக் கத்தியவள் நான். பாட்டின் பெயர் எனக்கு எப்படித் தெரியும்? இல்லை என்று தலையாட்டினேன். கண்ணீர் வழிந்து முக்காடு நனைந்தது.

பாட்டு முடியும்வரை அவர் என் கையை விடாமல் நின்றார். பிறகு தாளை எடுத்து, முதலாவதற்கு நேரே ஒரு சரி போட்டார்.

"அடுத்தது அஞ்சரைக்கி, கடற்கரையில. கெதியா வா, முன்னுக்கு நிக்கோணும்."

மூன்று நாளும் ஒன்றைக்கூட விடவில்லை. பதினொன்றிலும் பெட்டிக்கு முன்னால்தான் நின்றோம். பதினொன்றையும் நான்தான் கேட்டேன்.