தண்ணீர் கேட்காத செடிகளை விற்ற கதை

ரோஜா விற்கிறவனிடம் விலை கேட்பார்கள். முள்செடி விற்கிறவனிடம் நியாயம் கேட்பார்கள். தொண்ணூறுகளின் கடைசியில், கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டோரம் நர்சரி போட்டு, களா, காரை, சூரை என்று வானம் பார்த்தே காய்க்கிற பழச்செடிகளை விற்றேன். செடி வளர்த்து வீட்டில் ஏச்சு வாங்கியவர்களுக்கு என் பாடு புரியும்.

பஸ்ஸில் முள்

எப்போதும்வென்றான் கிராமத்தில் ஒருவர், வேலியும் ஆச்சு பழமும் ஆச்சு என்று சூரைக் கன்று கேட்டிருந்தார். இரண்டு கூடைகளோடு பஸ் ஏறினேன். பஸ் குலுங்கியதில் ஒருவர் வேட்டி முள்ளில் மாட்டியது. எடுத்துவிடக் குனிந்தவர் துண்டும் மாட்டியது. கண்டக்டர் வந்து நிதானமாகப் பார்த்தார். "அண்ணாச்சி, லக்கேஜுக்கு டிக்கெட் போட்டுருதேன். குத்து வாங்குனவியட்ட நீங்களே பேசிக்கிடுங்க."

கவனிப்பு

ஜெயா டீச்சர் வாங்கிப்போன களாக் கன்று மஞ்சளடித்துவிட்டது. போய்ப் பார்த்தால் கரிசல் மண் சேறாகிக் கிடந்தது. குழாயில் தண்ணீர் வராத ஊரில், அரிசி கழுவியது, காய் கழுவியது எல்லாம் சேர்த்துவைத்து வேளை தவறாமல் ஊற்றியிருக்கிறார். "வேர் அழுகுது டீச்சர், கொஞ்ச நாள் கண்டுக்கிடாம விடுங்க" என்றேன். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவியளும் இப்பிடித்தான் அண்ணாச்சி. கவனிக்கக் கவனிக்கத்தான் வாடுதாவ."

பெண் பார்க்க வந்தவர்

தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த ராமசாமி அண்ணாச்சி, புது வீட்டு வாசலுக்கு ரோஜா கேட்டார். தண்ணி லாரியை நம்பி ரோஜா எதற்கென்று களா நட்டுக் கொடுத்தேன். அது காய்ப்புக்கு வந்த பிறகும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு ஆனி மாதம் ஆள் அனுப்பினார். மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம், அதற்குள் அந்த முள்ளை வெட்டி எடுத்துவிட வேண்டுமாம். நான் அரிவாளோடு போவதற்குள் கார் வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அப்பா இறங்கினார். களா கருகருவென்று பழுத்திருந்தது. ஒன்றைப் பறித்து வாயில் போட்டார். அப்புறம் நிறுத்தவில்லை. உள்ளே பஜ்ஜி ஆறியது. பெண் காபித் தட்டோடு நின்றது. இவர் வெள்ளைச் சட்டையில் கறை ஏறியது. ராமசாமி அண்ணாச்சி என்னை முறைத்தார். நான் அரிவாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். வந்தவர் கைக்குட்டை நிறையப் பழத்தைக் கட்டிக்கொண்டு, பெண்ணையும் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ராமசாமி அண்ணாச்சியே நர்சரிக்கு வந்தார். "ரோசா வச்சிருந்தா நேரா உள்ள வந்து நகைப் பேச்சைத்தான் எடுத்திருப்பாவ."

எதையும் தாங்கிப் பிழைக்கிற செடிகளாகவே விற்றேன்; அதனால்தான் ஒருமுறை வாங்கியவர் யாரும் மறுமுறை செடி வாங்க என் கடைப்பக்கம் வரவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.