கிரேன்காரரின்ர கைராசி

ஜெர்மனியில நொய்கெல்ன் எண்ட இடத்தில எங்கட கொத்துரொட்டிக் கடைக்கு நேரெதிரில ஒரு பெரிய அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. மேசன்மார், குழாய் பூட்டுறவை, கம்பி கட்டுறவை எண்டு மத்தியானத்தில ஒரு படையே வரும். ஒருத்தருக்கும் உறைப்புத் தாங்காது, ஆனாலும் விடமாட்டினம். மூக்கைத் துடைச்சுத் துடைச்சுச் சாப்பிடுவினம். அதுகளைப் பார்க்க எனக்கு நல்ல விருப்பம்.

அதில கிரேன் ஓட்டுற ஜெர்மன்காரர் ஒருத்தர், ஆள் நல்ல மொத்தம். பத்து மணிக்கு முதல் ஆளாய் வந்து ஒரு ரோல்சும் பால் விடாத பிளேன்ரீயும் வாங்குவார். அவரின்ர கையால முதல் வியாபாரம் நடந்தால் அண்டைக்கு எல்லாம் வித்து முடியுமெண்டு என்ர மனுசன் கண்டுபிடிச்சிட்டார். பிறகென்ன, அவருக்கு முதல் வேற ஆரும் வந்தால் "தகடு இன்னும் சூடாகேல்லை" எண்டு பொய் சொல்லி நிப்பாட்டி வைப்பார். பசியோட வந்த சனத்தைக் காக்க வைக்கிற கடை உலகத்தில எங்கட ஒண்டுதான். "கைராசியாம், கண்டறியாத கைராசி!" எண்டு நான் பேசாத நாளில்லை.

பிறகு வட்டி ஏறிச்சுது. வீடு வாங்க நிண்ட சனம் பின்வாங்கிச்சுது. கட்டின கொம்பனி வங்குரோத்தாகிப்போச்சு. ஒரு திங்கட்கிழமை பார்த்தால் வேலிக் கதவில பூட்டு, கட்டடம் நாலாம் மாடியோட நிக்குது. மேசன்மார் இல்லையெண்டால் வேலை உடுப்பு விக்கிற கடைக்கு ஆளில்லை. பக்கத்துப் பேக்கரியில நிண்ட பிள்ளையை வேலையால நிப்பாட்டிட்டினம், அந்தப் பிள்ளையும் எங்களிட்டைச் சாப்பிட வாறேல்லை. பொருளாதாரம் படுத்திட்டுது எண்டு ரீவியில பிறகுதான் சொன்னவை. என்ர கறிச்சட்டி எனக்கு மூண்டு மாதத்துக்கு முதலே சொல்லிப்போட்டுது.

என்ர மனுசனுக்கு இதொண்டும் ஏறேல்லை. கைராசி போனதுதான் காரணமாம்! கிரேன்காரருக்கு ரெலிபோன் எடுத்து, "நீங்கள் வந்து ஒரு ரீ வாங்கினால்தான் நான் வியாபாரம் தொடங்குவன்" எண்டு சொல்லிப்போட்டார். எனக்கு மானமே போச்சு. வேலை போய் வீட்டில இருக்கிற மனுசனிட்டைக் கேக்கிற கேள்வியே உது?

ஐயோ, அடுத்த நாள் பத்து மணிக்கு ஆள் வந்து நிக்கிறார்! அதுக்கடுத்த நாளும் வந்தார். நகரத்தின்ர மற்ற அந்தத்தில இருந்து ரெண்டு ரயில் மாறி, ஒரு பிளேன்ரீக்கு. என்ர மனுசன் அவர் தந்த காசைக் கண்ணில ஒத்திப் பிள்ளையார் படத்துக்கு முன்னால வைப்பார். பிள்ளையாரும் பேசாமல் இருந்தார். வியாபாரம் ஒரு இம்மியும் ஏறேல்லை.

மாசி முடியக் கடையை விடுறதெண்டு நான் முடிவெடுத்திட்டன். எங்கட கடைக் கட்டடச் சொந்தக்காரருக்குக் கடிதமும் எழுதிப்போட்டன். இவர் கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு நிண்டார். "அந்தாள் வந்துகொண்டிருக்கிற வரைக்கும் கடை இருக்கும்" எண்டார். சரி, அப்ப அந்தாளையே மறிச்சால் போச்செண்டு, ஒரு காலமை நானே ரீயைக் கொண்டுபோய் வைச்சுப்போட்டுச் சொன்னன்: "கோவிக்காதேங்கோ. உங்கட கையில ஒரு ராசியும் இல்லை. இனி மினக்கெட்டு வரவேண்டாம்."

அவர் ரீயில சீனியைப் போட்டுக் கலக்கினார்.

"அது எனக்கும் தெரியும்," எண்டார். "முப்பது வருசமாய் நான் மேல ஏறாட்டில் கீழ ஒருத்தருக்கும் வேலை நடக்காது. இப்ப நான் வராட்டில் நடக்காதது எண்டு இந்தக் கடை மட்டும்தான் இருக்கு."

என்ர மனுசனை எத்தினை தரம் விசரன் எண்டு பேசியிருப்பன். கடையை மூடப்போறம் எண்டும் சொல்லத்தான் போனனான். "நாளைக்குப் பிந்தாமல் வாங்கோ" எண்டு சொல்லிப்போட்டு உள்ள வந்திட்டன்.