பன்னிரண்டரை வோல்ட்

அத்தானின் வள்ளத்தை மூன்றாம் நாள் கரைக்கு இழுத்து வந்தார்கள். அதில் ஆள் இல்லை. என்ஜின் பழுதாகி நின்றிருந்தது. வயர்லெஸ்ஸில் அவர் குரலை எந்தப் படகிலும் யாரும் கேட்கவில்லை.

அவர் புறப்பட்ட அன்று வயர்லெஸ்ஸுக்கான பேட்டரியை மீட்டர் வைத்து அளந்தவன் நான். பன்னிரண்டரை வோல்ட். "நல்லாயிருக்கு அத்தான்" என்றேன்.

பேட்டரிக் கடை அண்ணாச்சி, வள்ளத்தோடு திரும்பி வந்த அந்தப் பேட்டரியின் ஆறு மூடிகளையும் திறந்து பார்த்தார். "மூடி இறுக்கமா இருக்கு, கடல்தண்ணி போக வழியில்ல. ஆனா உப்பு பட்டுப் பிளேட்டெல்லாம் அரிச்சுப் போச்சு. யாரோ உப்புத்தண்ணி ஊத்திருக்காவ."

யார் என்று நான் தேடவில்லை. அத்தானைத் தேடிய நாட்களில் அக்காவே சொல்லியிருந்தாள். "தண்ணி குறைஞ்சிருந்துச்சுலே. கடைத்தண்ணி எதுக்கு? கோயில் தீர்த்தம் ஊத்துனேன். அவருக்குக் காவலா இருக்கட்டும்னு." எங்கள் மாதா கோயில் தீர்த்தத்தில் மந்திரித்த உப்பைக் கரைப்பார்கள்.

"நல்லாயிருக்குன்னியேலே. பெறவு பேட்டரி ஏன் செத்துச்சு?" என்று அக்கா கேட்டாள்.

வோல்ட் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம் என்றேன். ஓடும் மின்சாரத்தின் அளவு ஆம்பியர். அந்த அளவில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது ஆம்பியர்-அவர். வயர்லெஸ், விளக்கு என மின்சாரத்தை இழுப்பதெல்லாம் லோடு. லோடு இல்லாமல் அளந்தால் கெட்ட பேட்டரியும் பன்னிரண்டரை காட்டலாம்.

"நான் லோடு போட்டுப் பாக்கல அக்கா. என் தப்பு."

"அப்போ ஆம்பியர்-அவர்ங்கிறது சங்கு குளிக்கிறவுக தம்மு மாதிரி. கரையில நிக்கயில எல்லார் நெஞ்சும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். முங்குனாத்தான் தெரியும்."

"ஆமா."

"அந்தத் தண்ணி? எதை ஊத்துனாலும் ஒண்ணுதானலே?"

பேட்டரிக்குள் இருப்பது அமிலம். அதில் தண்ணீர் குறைந்தால் உப்பே இல்லாத டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் சேர்க்க வேண்டும். அதை நான் சொல்லவில்லை.

"ஒண்ணுதான்."

அதன் பிறகு இரண்டு வருடமாக அக்கா எங்களோடு இருக்கிறாள். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள்தான். மாதா படத்தருகே தீர்த்தப் புட்டி இருக்கிறது. தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கரண்ட் போனால் மூன்று மணி நேரம் எரிந்த விளக்கு, இப்போது இருபது நிமிடம் எரிகிறது.

நேற்று மாலையும் அணைந்தது.

"வோல்ட்டு இருந்துச்சு, காலையில நானே அளந்தேன்" என்றாள் இருட்டிலிருந்து. "தம்முதான் இல்ல. ஏம்லே?"